கிழக்குப் பக்கம் எறியாத பெடியன்

ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பிய நிலாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா குணவதி அகப்பையும் கையுமாகப் பின்னால் நின்றாள். அகப்பையிலிருந்து பருப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

“ஆறடி ஒரு இஞ்சியோ?”

“என்னது?”

“பெடியன். ஆறடி ஒரு இஞ்சி எண்டு இப்பதானே சொன்னனீ. கை நல்லதாம், கால் நல்லதாம், குடி இல்லையாம். மிதுனன் எண்டா எங்கடை ஆக்கள்தானே?”

“அம்மா, ஒட்டுக் கேட்டுக்கொண்டோ நிண்டனீங்கள்?”

“சமையலறையில ரெலிபோனை வைச்சுக்கொண்டு நான் எங்கை போய் நிக்கிறது? பல்கனியிலயோ?”

குணவதியின் ஆங்கிலம் கதைப்பதற்குக் காணாது. ஒட்டுக் கேட்பதற்குத் தாராளமாகக் காணும். அரை மணி நேரமாக மகள் ஆங்கிலத்தில் ஒரு பெடியனின் உயரம், நிறை, பழக்கவழக்கம், கோபம் வருமா, பயம் வருமா என்று புட்டுப் புட்டு வைத்ததை அவள் கேட்டுவிட்டாள். எங்கள் ஆட்கள் ஒரு பெடியனைப் பற்றி இவ்வளவு விசாரிப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் வாயாலேயே கலைத்து அனுப்பிய மகள், கடைசியில் தானாகவே ஒருவனை விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். குணவதியின் கண் கலங்கியது. வெங்காயம் அன்றைக்கு அவள் வெட்டவே இல்லை.

“அம்மா, அது வேலை விஷயம்.”

“ஓம் ஓம். நானும் ஒரு காலத்தில குமர்தான்.”

உண்மையில் அது வேலை விஷயம்தான். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் நிலாணி. கறுப்பு அங்கியோடு எடுத்த படம், கீழே வருடமும் போட்டு, ரிவிக்கு மேலே தொங்குகிறது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் “கெட்டிக்காரி” என்பார்கள். அடுத்த மூச்சில் “இனி என்ன?” என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குப் பல்லே தேய்ந்துபோயிருந்தது. புள்ளிவிபரவியலில் எடுத்த பட்டத்தை வைத்துக்கொண்டு ரொறன்ரோ முழுக்க வேலை தேடினாள். கிடைத்தது பல்கலைக்கழகத்துப் புட்போல் அணியின் அலுவலகத்தில், வீடியோ ரேப்புகளைப் போட்டுப் போட்டுப் பார்த்து, யார் எத்தனை முறை எறிந்தான், பிடித்தான் என்று எண்ணுகிற வேலை. விளையாட்டுப் பருவம் முடிய வேலையும் முடியும்.

இது காலால் உதைக்கிற புட்போல் இல்லை. முட்டை மாதிரி ஒரு பந்து. தலைக்கவசம் போட்ட பன்னிரண்டு பேர் இந்தப் பக்கம், பன்னிரண்டு பேர் அந்தப் பக்கம். நடுவில் நிற்கிறவனுக்குக் குவார்ட்டர்பாக் என்று பெயர். பந்து அவன் கைக்கு வந்த மறுகணம் எதிரணியின் தடியன்கள் அவனை மிதிக்க ஓடி வருவார்கள். அதற்குள் யார் எங்கே தனியாக நிற்கிறான் என்று பார்த்து எறிந்துவிட வேண்டும். மொத்த விளையாட்டும் அந்த ஒருத்தனின் கண்ணிலும் கையிலும்தான்.

அந்த ஒருத்தன் இந்த வருடம் மிதுனன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸ் ஊர்ப் பெடியன், இருபத்தொரு வயது, நிலாணியைவிட மூன்று வயது இளையவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். தொழில்முறை அணி ஒன்று அவனைப் பயிற்சி முகாமுக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறது. அவனுடைய பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஒரு மதிப்பீடு கேட்டிருக்கிறார்கள். அணியின் கோச் அந்தப் பொறுப்பை நிலாணியிடம் கொடுத்தார். ரெலிபோனில் அரை மணி நேரம் கதைத்ததும் அவரோடுதான். சரியாகச் செய்தால் நிரந்தர வேலை என்றும் சொன்னார்.

நிலாணிக்கு நம்பவே முடியவில்லை. நிறம் காணாது, வாய் கூட, மூக்குக் கொஞ்சம் சப்பை என்று ஊர் முழுக்க அவளைத்தான் இவ்வளவு காலமும் மதிப்பிட்டது. ஒரு ஆம்பிளையின் குறை நிறையைச் சொல்லு, அதற்குச் சம்பளமும் தருகிறோம் என்று கேட்ட முதல் ஆள் அந்தக் கோச்தான்.

பலம் எழுதுவது லேசாக இருந்தது. கை துப்பாக்கி மாதிரி. பதற்றம் குறைவு. அடி விழுந்தாலும் எழும்பிச் சிரிப்பான். பலவீனத்தில்தான் அவள் முட்டுப்பட்டு நின்றாள். வெளியூர் மைதானங்களில் நாலா பக்கமும் எறிகிறவன், சொந்த மைதானத்தில் மட்டும் கிழக்கு ஓரத்துக்கு எறிவதே இல்லை. எறிவது இருக்கட்டும், அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதுகூட இல்லை. போன சனிக்கிழமை அந்த ஓரத்தில் அவனுடைய ஆள் ஒருத்தன் தனியாக நின்று, கையை ஆட்டி ஆட்டி, கடைசியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டே நின்றான். ஆட்டம் தோற்றது.

கோச்சுக்குச் சந்தேகம், தோளில் ஏதோ பிழை, தூரத்து ஓரத்துக்கு எறியப் பலம் இல்லை என்று. அப்படி எழுதினால் மிதுனனின் கதை அதோடு சரி. நிலாணி அவனிடமே கேட்டாள்.

“கண்ணுக்கை வெயில் அக்கா.”

“போன கிழமை மழையடா.”

“அப்ப… காத்து.”

அவள் ரேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பார்வையாளர் இருக்கிற கிழக்குக் கலரியில் ஈ காக்காய் கிடையாது. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு முன்வரிசையில் யாரோ ஒரு விசரன் இருப்பான். அவ்வளவுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டால் பிரச்சினை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சொல்ல முடியாது. மிதுனனின் அப்பா ஸ்ரீதரனுக்கு மகன் புட்போல் விளையாடுவது தெரியாதாம். மகன் எஞ்சினியரிங் படிக்கிறான், சனிக்கிழமைகளில் அவனுக்கு லாப் வகுப்பு என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தது. தெரிந்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று மிதுனன் நிலாணியின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான். அம்மாவிடம் சொல்வது ஒன்றுதான், ஒலிபெருக்கி கட்டி ஸ்காபுறோவிலிருந்து விட்பி வரை சொல்வது ஒன்றுதான்.

அதனால் நிலாணி தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தாள்.

“நான் அவனுக்கு ரியூஷன் குடுக்கிறன் அம்மா. அதுதான் அவனைப் பற்றிக் கதைச்சனான்.”

“ஓ! ரியூஷன்!” என்றாள் குணவதி. அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் வீடியோ அறைக் கதவை மிதுனன் உடைக்காத குறையாகத் திறந்தான்.

“அக்கா! வட் டிட் யூ டூ? நீங்கள் எனக்கு ரியூஷன் குடுக்கிறீங்களாம்?”

“ஆர் சொன்னது?”

“உங்கடை அம்மா ஆரோ இரத்தினவேல் அண்ணையிட்டை எங்கடை நம்பர் வாங்கிப் போன் எடுத்தவா. அப்பா வீட்டில குதிக்கிறார். ‘ஃபெயில் விடுறியோடா? எனக்கு ஏன் சொல்லேல்லை?’ எண்டு. அக்கா, ஹி இஸ் கோயிங் டு கில் மீ.”

போனது போகட்டும், பெரியவரிடம் நேரே கதைத்துச் சரிப்படுத்தலாம் என்று நிலாணி நினைத்தாள். பட்டதாரி அல்லவா. பின்னேரம் அஜக்ஸுக்குப் போன் அடித்தாள்.

ஸ்ரீதரன் கார் பழக்குகிறவர். அவரிடம் பழகி லைசென்ஸ் எடுக்காத தமிழர் அந்தப் பக்கத்தில் குறைவு. குரலே பிரேக் போட வைக்கும்.

“நீர்தான் மிதுனனுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறதோ?”

“ஓம் அங்கிள்… இல்லை அங்கிள்.”

“ஓமோ இல்லையோ? சிக்னல் போட்டா திரும்ப வேணும் பிள்ளை.”

“அவன் கெட்டிக்காரன் அங்கிள். ரியூஷன் இல்லை, அம்மா பிழையா விளங்கிட்டா. நான் ஒரு ஆராய்ச்சி செய்யிறன். அவசரத்தில மனிசர் எப்படி முடிவெடுக்கினம் எண்டு. அதுக்கு உங்கடை மகனை அவதானிக்கிறன்.”

“மூளையில ஏதும் பிழையோ?”

“ஐயோ, இல்லை!”

“அப்ப ஏன் ஆயிரம் பெடியளுக்கை அவனைப் பிடிச்சனீர்? கொஞ்ச நாளா அவனுக்கு வலது தோளும் நோகுது. அதுவும் உம்மடை ஆராய்ச்சியோ?”

“இல்லை அங்கிள், அது… புத்தகப் பை பாரம்.”

“ம். புத்தகப் பை.” அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் போட்டு உருட்டினார். “ஐஸ் வைக்கச் சொல்லும். நான் யூனிவேர்சிற்றிக்கு ஒருக்கா நேரில வந்து விசாரிக்கிறன்.”

போன் வைக்கப்பட்டது. நிலாணி கையிலிருந்த ரிசீவரைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மகன் படிக்கிற படிப்பை விசாரிக்க வருகிறவர் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், சுவரில் ஒட்டிய படத்தில் அவருடைய மகன் பந்தோடு சிரித்துக்கொண்டு நிற்பான். வேலை போச்சு. பெடியனும் போச்சு.

வியாழக்கிழமை மிதுனன் மறுபடி வந்தான். இந்த முறை கதவை மெல்லத் திறந்தான். அது இன்னும் பயமாக இருந்தது.

“அக்கா, இருங்கோ. முதல்ல இருங்கோ.”

“இருக்கிறன்தானே. சொல்லு.”

“அப்பா இங்கை வரமாட்டார். நான் நிப்பாட்டிட்டன்.”

“அப்பாடா! எப்படியடா?”

“நான்… உங்களை லவ் பண்ணுறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

நிலாணி கையிலிருந்த ரேப் கீழே விழுந்து நாடா முழுக்க வெளியே வந்துவிட்டது.

“உனக்கென்ன விசரோ?”

“ஐ பானிக்ட் அக்கா, வெருண்டு போனன்! லவ் எண்டா அப்பா கத்துவார். புட்போல் எண்டா கொன்று போடுவார். எனக்கு வேறை ஒண்டும் வரேல்லை.”

அழுத்தம் கூடினால் பார்க்காமலே கிட்ட நிற்கிறவரிடம் பந்தைத் தள்ளிவிடுகிறான் என்று அவனைப் பற்றி நிலாணி ஏற்கெனவே எழுதியிருந்தாள். இந்த முறை கிட்ட நின்றது அவள்.

“கத்தினவரோ?”

“இல்லை. அதுதான் பயமாக் கிடக்கு. ‘சரி, பெட்டையை வந்து பாக்கிறம்’ எண்டார்.”

வீட்டுக்கு வந்தால் குணவதி பலகாரச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். சம்பந்தி வீட்டாரோடு எல்லாம் கதைத்து முடித்தாகிவிட்டது.

“சனிக்கிழமை மத்தியானம் வாங்கோ எண்டனான். அந்த மனிசன் சனிக்கிழமை மத்தியானம் உலகம் அழிஞ்சாலும் ஏலாதாம். பிறகு ஞாயிறு எண்டு முடிவு. உனக்கு இருபத்தொண்டு எண்டு சொல்லியிருக்கிறன்.”

“அம்மா! சுவரில பட்டம் வாங்கின வருஷம் தொங்குது!”

“படத்தைக் கழட்டிப்போட்டன்.”

நிலாணி சுவரைப் பார்த்தாள். படம் இருந்த இடத்தில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. அவள் படித்த படிப்பெல்லாம் அந்த ஆணி அளவுக்குச் சுருங்கிவிட்டது போல ஒரு ஆத்திரம் அவளுக்கு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை மதிப்பீடு கொடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பெடியன் குவார்ட்டர்பாக்காக இருந்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஞாயிறு பின்னேரம் ஸ்காபுறோ அப்பார்ட்மென்றில் ஆறு பேரும் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார்கள். நிலாணியின் அப்பா இராஜரட்ணம் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்த துக்கத்தில் ஒன்றும் பேசவில்லை. மிதுனன் அம்மா வாங்கிக் கொடுத்த சேர்ட்டுக்குள் திணறிக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா அருள்மலர் ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு கால்விரலைப் பார்த்தபடி இருந்தாள். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. வாய் முழுக்க ஸ்ரீதரனுடையதுதான்.

“பிள்ளைக்கு என்ன வயசு?”

“இருபத்தொண்டு,” என்றாள் குணவதி.

“இருபத்திநாலு,” என்றாள் நிலாணி.

குணவதி இருமினாள். “இங்கத்தைக் கணக்கு வேறை,” என்று சமாளித்தாள்.

“தம்பி, வடை எடும்,” என்றார் இராஜரட்ணம், பேச்சை மாற்றுவதற்காக.

மிதுனன் தட்டை நிலாணியின் பக்கம் நீட்டினான். “அக்கா, நீங்கள் எடுங்கோ.”

குணவதி நெஞ்சில் கையை வைத்தாள்.

“அக்காவோ?” என்றார் ஸ்ரீதரன்.

“நி… நிலாணி,” என்றான் மிதுனன். “யூனிவேர்சிற்றியில எல்லாரும் அக்கா எண்டுதான் கூப்பிடுறது. அப்பிடி ஒரு… மரியாதை.”

“ம்.” ஸ்ரீதரன் நிலாணியை ஏற இறங்கப் பார்த்தார். கார் வாங்கப் போகிறவர் ரயரை உதைத்துப் பார்ப்பது போன்ற பார்வை. “மூண்டு வயசு கூட. உயரம் காணாது. என்ன வேலை எண்டு கேட்டா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில். கதையிலும் கொஞ்சம் ஸ்பீட் கூட. நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்கிறேல்லை பிள்ளை. ஒரு ஆளை எடுக்கிறதெண்டா குறை நிறை பாக்கத்தானே வேணும்.”

நிலாணிக்குள் ஏதோ அறுந்தது. ஒரு கிழமை முழுக்க அவள் பொய் சொன்னது இந்த மனிதனின் மகனுக்காக. படம் கழற்றப்பட்டது, வயது வெட்டப்பட்டது, வடை சுடப்பட்டது. எல்லாம் போதாதென்று ரயரையும் உதைக்கிறார்.

“குறை நிறைதானே அங்கிள்? உங்கடை மகன்ரையும் சொல்லட்டே?”

“அக்கா, நோ,” என்றான் மிதுனன்.

“நீ வாயை மூடு. அங்கிள், உங்கடை மகனுக்குக் கை நல்லது. கால் நல்லது. தன்னிலும் ரெண்டு மடங்கு தடியன்கள் வந்து விழுத்தினாலும் எழும்பிச் சிரிப்பான். அது நிறை. குறை என்ன தெரியுமோ? வெருண்டால் கிட்ட நிக்கிற ஆளின்ரை தலையில பந்தைப் போட்டிடுவான். நான் இப்ப இங்கை சீலை உடுத்துக்கொண்டு இருக்கிறது அதாலதான். உவன் என்னை லவ்வும் பண்ணேல்லை, மண்ணும் பண்ணேல்லை. உவன் எங்கடை யூனிவேர்சிற்றி ரீமின்ரை குவார்ட்டர்பாக். சனிக்கிழமையில லாப் இல்லை, புட்போல்!”

“புட்போலுக்குக் கை ஏன்?” என்று கேட்டார் இராஜரட்ணம்.

சொல்லி முடித்த பிறகுதான் நிலாணிக்குத் தான் சொன்னது கேட்டது. மிதுனன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், அடி விழப்போகிறவன் மாதிரி. ஸ்ரீதரன் அசையவில்லை. அவருடைய தேநீர்க் கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது.

கெட்டது கெட்டுப்போச்சு, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று நிலாணி நினைத்தாள்.

“பெரிய ரீம் ஒண்டு அவனைக் கேக்குது அங்கிள். நாளைக்கு நான் எழுதிக் குடுக்க வேணும். எல்லாம் திறம். ஒண்டே ஒண்டுதான் விளங்கேல்லை. வெளியில போனா எல்லாப் பக்கமும் எறியிறான். சொந்த மைதானத்தில மட்டும் கிழக்குப் பக்கம் திரும்பியும் பாக்கிறானில்லை. தோளில பிழை எண்டு கோச் நினைக்கிறார். அப்பிடி எழுதினா அவனை எடுக்கமாட்டினம்.”

அவள் இடிக்காகக் காத்திருந்தாள். இடி வரவில்லை. ஸ்ரீதரன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. சிவப்பு விளக்கில் போய்ப் பொலிஸிடம் பிடிபட்டவரின் முகம் போல இருந்தது.

“கிழக்குப் பக்கமோ?” என்றார். “ஒரு நாளும் பாக்கிறேல்லையோ?”

மிதுனன் மூடிய கண்ணைத் திறக்காமலே, இல்லை என்று தலையாட்டினான். “அங்கை ஆர் இருக்கிறது எண்டு வடிவாப் பாக்கப் பயம்,” என்றான்.

அப்போது அருள்மலர், வந்ததிலிருந்து முதன்முறையாக, கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுப் புருஷனின் பக்கம் திரும்பினாள்.

“நான் அப்பவே தலைப்பாடா அடிச்சனானப்பா, உந்த மஞ்சள் குடையோடை போய் முன்வரிசையில இருக்காதேங்கோ, பிள்ளை கண்டிடுவான் எண்டு.”